சுகுணாவுக்கு எந்தக் கேமரா?

பொன்னமராவதியில் காதுகுத்து, சடங்கு என்றால் படமெடுக்கச் சுகுணாவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் கூட்டத்துக்குள் கூச்சமில்லாமல் புகுந்து எடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை. பத்து வருடம் உழைத்த அவளுடைய கேமரா மாசியில் படுத்துவிட்டது. ஷார்ஜாவில் கிரேன் ஓட்டும் கணவன் நல்லதம்பி, "மிரர்லெஸ் கேமராவா வாங்கிருவோம். ரெண்டு பாத்து வச்சிருக்கேன். எது வேணும்னு நீயே சொல்லு" என்றான்.

ஒன்று கைக்கு அடக்கம், நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் வலிக்காது. மற்றது கனம், ஆனால் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் படம் போகாது. கனமானதுதான் தனக்குச் சரி என்று சுகுணாவுக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, "சாப்பிட்டியா, மழை உண்டா" என்று முடிந்துபோகும் பேச்சு, கேமராவை முன்னிட்டுத் தினமும் நடந்தது. அவன் கடையில் நின்று வீடியோவில் திருப்பித் திருப்பிக் காட்டுவான். "ஸ்கிரீன் இங்கிட்டுத் திரும்புமா? பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். கண் என்னவோ அவனுடைய நரைத்த மீசையில்தான். மூன்று வருடமாக நேரில் பார்க்காத மனுஷன். சித்திரையில் லீவில் வருகிறான். அதுவரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள் கள்ளி.

மூன்றாம் வாரம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ண விட்டா ஒனக்கு மனசு ஆறாது. அதான் ரெண்டையுமே வாங்கிட்டேன். லீவு வேணாம்னு எழுதிக் குடுத்தா கம்பெனியில டிக்கெட் காசையும் கையில தந்துருவாங்க. எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த வருசம் வாரேன்."

"ஏங்க..." என்று ஆரம்பித்த சுகுணா, அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தானே இழுத்துவிட்டுக்கொண்டது, யாரை நோவது?

சித்திரையில், நல்லதம்பியோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் ஆத்மநாதன் லீவில் வந்தார். இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். காப்பி குடித்து முடித்ததும், "ரெண்டும் நல்லாருக்கான்னு கேட்டு மெசேஜ் போடச் சொன்னான், தங்கச்சி. நல்லாருக்குன்னு போட்டுறட்டுமா?" என்றார்.

போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. மறுபடி வெள்ளிக்கிழமைப் பேச்சுதான்.

"இல்லண்ணே," என்றாள் சுகுணா. "ஒண்ணுல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு. அவரையே இப்பக் கூப்பிடச் சொல்லுங்க."

ஆத்மநாதன் மேசையைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளும் ஒட்டிய டேப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அவர் போனை எடுத்து, "ஒண்ணுல கோளாறாம், ஒடனே கூப்பிடு" என்று மெசேஜ் போட்டார்.