எட்டு பங்கா

போன வாரம் ஆசிரியர் அறையில் ஒருவர் தேநீரை ஆற்றிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சின்னத் தேர்வு வைக்க வேண்டுமாம். நாடாளுமன்றம் எது, சட்டமன்றம் எது என்று தெரியாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தேர்வை எங்கள் வீட்டில் ஏற்கெனவே வைத்துப் பார்த்தாயிற்று சார், விடைத்தாளைத் திருத்தியதே நான்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எழுதியே வைக்கிறேன்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில், மலிவு வீட்டு வரிசையில் கடைசிக்கு முந்திய வீடு எங்களுடையது. அப்பா லூமுட் பக்கம் லோரி ஓட்டினார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங். சாக்கடை என்று எழுதினால் அது என்னவோ வேறு சாக்கடை மாதிரி இருக்கிறது, எங்களுக்கு அது லோங்காங்தான். மூன்று வருடமாக அடைத்துக்கொண்டு, தண்ணீர் நகராமல், பச்சைப் பாசி கட்டிக் கிடந்தது. அதற்கு முந்தைய வருடம் தம்பிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான். நாலாவது நாள் டாக்டர் அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார். வெளியே வந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தம்பி பிழைத்துக்கொண்டான். லோங்காங் அப்படியே கிடந்தது.

அம்மா நகராட்சிக் கவுண்டரில் மூன்று முறை புகார் பாரம் நிரப்பினாள். நிரப்பினாள் என்றால், ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு. அந்தப் பாரத்தில் அடைத்துக்கொண்ட கால்வாய்க்கு மலாயில் ஒரு சொல் இருந்தது, சாலுரான். எத்தனையோ மலாய்ச் சொற்களை அம்மா பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

தேர்தல் அறிவித்ததும் எங்கள் வரிசைக்கு வேட்பாளர்கள் வந்தார்கள். சட்டமன்றத்துக்கு நின்றவர்கள் இரண்டு பேர், வேறு வேறு நாளில், கொடியும் ஆட்களுமாக வந்தார்கள். இரண்டு பேரையும் அம்மா வாசலில் கைகுலுக்கிவிட்டுப் போக விடவில்லை. "பின்னாடி ஒரு நிமிசம் வாங்க சார்" என்று வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போய் லோங்காங் முன்னால் நிறுத்தினாள். ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று திரும்பினார். இன்னொருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்து, எங்கே அடைக்கிறது என்று கேட்டு, வீட்டு எண்ணை எழுதிக்கொண்டார். இப்படி ஊர்ப் பெரியவர்களை நாற்றத்தில் நிறுத்துகிறாளே என்று எனக்கு மானம் போயிற்று.

இனி மாமாவுக்கு வருகிறேன். அம்மாவின் அண்ணன். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது தோட்ட ஆபீசில் பேனா பிடிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறி ஆட்களைக் கலைத்தபோது எங்கள் தாமானுக்கே குடி வந்தார். அதே தோட்டத்தில்தான் அம்மாவும் பிறந்தாள். மாமாவை உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரைக்கும் படிக்க வைத்தார்கள். அம்மாவை மூன்றாம் ஆண்டோடு நிறுத்தி ரப்பர்ப் பால் வெட்ட அனுப்பினார்கள். அம்மா இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. மாமா இதை ஒருநாளும் சொன்னதே இல்லை.

மாமா தினமும் இரண்டு பத்திரிகை படிப்பார், ஒன்று தமிழ், ஒன்று மலாய். நாட்டு நடப்பில் அவருக்குத் தெரியாதது இல்லை. தோட்டத்து ஜனங்கள் ஒன்றும் தெரியாமல், கைகாட்டின பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டதால்தான் கடைசியில் தோட்டமும் போய் வீடும் போனது என்பது அவருடைய தீராத ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் தாள்களோடு வந்தார். பத்துக் கேள்வி, அச்சடித்தது. ஐந்து மார்க் எடுத்தவர்களைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைப்பாராம். எடுக்காதவர்கள் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் சொல்லுகிற சின்னத்தில் போட வேண்டும். அப்பா தாளைப் பார்த்தார், லோரிக்கு டயர் பார்க்கணும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். அகப்பட்டது அம்மாவும் அத்தையும்தான். அத்தை மாமாவின் மனைவி. இருபது வருடமாக அந்தப் பத்திரிகைகளைச் சத்தமாகப் படிக்கக் கேட்டவள்.

"நம்ம பாப்பா வகுப்புல முதல் மாணவிலா. அவளே திருத்தட்டும்" என்று சொல்லி மாமா என்னிடம் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். சிவப்புப் பேனா! டீச்சர் மட்டும் தொடுகிற பொருள். அந்த நிமிடத்தில் மாமா என்னை வைத்து எந்த நாட்டைப் பிடிக்கச் சொல்லியிருந்தாலும் பிடித்திருப்பேன்.

அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை முன்னறையில் எழுதி அஞ்சு நிமிடத்தில் நீட்டிவிட்டாள். பத்துக்குப் பத்து. நான் பெரிய பெரிய ரைட்டாகப் போட்டுத் தந்தேன்.

அம்மாவின் தாள் வந்தது. தப்பான விடைக்குப் போடும் பெருக்கல் குறியை எங்கள் பள்ளிக்கூடத்தில் பங்கா என்போம். முதல் கேள்விக்கு ஒரு பங்கா. இரண்டாவதுக்கு ஒரு பங்கா. மூன்றாவது கேள்வி, சட்டமன்ற வேட்பாளர்களின் பெயர்களை எழுதுக. அம்மா எழுதியிருந்தாள்: "ஒருத்தர் மூக்க பொத்துனவர். ஒருத்தர் குனிஞ்சி பாத்தவர்." பங்கா. நான்காவது, சாலுரான் என்றால் என்ன? ஓட்டுச்சாவடியில் வாக்காளர்களைப் பிரித்து நிறுத்தும் ஒவ்வொரு வரிசைக்கும் சாலுரான் என்று பெயர், அதற்கு எண் இருக்கும். மாமா கேட்டது அது. அம்மா எழுதியது: "ஊட்டுக்கு பின்னாடி உள்ளது. மூனு வருசமா அடச்சிருக்கு." அதற்குப் போட்ட பங்காவில் பேனா தாளைக் கிழித்துவிட்டது, அவ்வளவு உற்சாகம் எனக்கு. ஏழாவதுக்கு, ஓட்டு என்பது எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு, ரகசியம் என்று எழுதியிருந்தாள், அது சரி. ஒன்பதாவது, எத்தனை சீட்டுத் தருவார்கள், ரெண்டு என்று எழுதியிருந்தாள், அதுவும் சரி. மிச்சம் எட்டும் பங்கா. மேலே வட்டம் போட்டுப் பத்துக்கு இரண்டு என்று எழுதி, கீழே டீச்சர் மாதிரியே கையெழுத்தும் போட்டேன்.

மாமா தாளை வாங்கி, மூக்கு பொத்தினவரையும் சாலுரானையும் சத்தமாக வாசித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான்.

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள்.

"சிரிச்சாச்சா? சரி. நான் ஓட்டுக்குப் போவேன், அண்ணே."

மாமா சிரிப்பை நிறுத்தினார். "லெசன் இல்லாதவன் கையில காரைக் கொடுப்பாங்களா? எல்லாரையும் பள்ளத்துல கொண்டுபோய் விட்டுருவான்லா. ஓட்டும் அப்படித்தான்" என்றார். லெசன் என்றால் வண்டி ஓட்டும் உரிமம்.

"நான் எங்கண்ணே ஓட்டப் போறேன்? ஓட்டுறது அவங்க. நான் பின் சீட்டுல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வண்டி எங்க போவுதுன்னு கேக்க எனக்கு லெசன் வேணுமா?"

மாமா பால் விடாத தே ஓவை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, அந்த ஆள் குனிந்து பார்த்ததே நாடகமாக இருக்கலாம், பத்திரிகை படித்தால்தானே உனக்கு அது தெரியும் என்றார். அதுவும் கெட்ட கேள்வி இல்லை.

"நாடகமாவே இருக்கட்டும். ஜெயிச்சு வந்தா ஞாபகப்படுத்துறேன். எங்க உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சா போதும், எனக்கு நடக்கக் கால் இருக்கு" என்றாள் அம்மா. "ஒன் பள்ளிக்கூடம் வேற, எம்பிள்ளை கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டில் வேற. அதுல நான் படிச்சதுக்கு நீ ஒரு கேள்விகூட வைக்கலயே, அண்ணே."

மாமா எழுந்துவிட்டார். மார்க் மார்க்தான், காரில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டு கட்சித் துண்டறிக்கைகளையும் என் முன்னால் போட்டாள். "படி. லோங்காங்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா பாரு." எங்குமே எழுதியிருக்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். என் விளையாட்டு நேரம் போனதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ஓட்டுப் போடும் நாளில் அப்பா விடியும்போதே போட்டுவிட்டு லோரி எடுக்கப் போய்விட்டார். தம்பியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, அம்மா தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஓட்டுச்சாவடி ஒரு மலாய்ப் பள்ளிக்கூடத்தில். நடந்தால் முக்கால் மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் மாமாவின் கார் எங்களைக் கடந்து போனது. அத்தை திரும்பிப் பார்த்தாள், மாமா திரும்பவில்லை. எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது. படித்திருந்தால் காரில் போயிருக்கலாமே.

பள்ளி வாசலில் பெரிய அட்டைகள். சாலுரான் 1, சாலுரான் 2, சாலுரான் 3. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு நின்றாள். எழுத்துக் கூட்டினாள். பிறகு அவள் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. "அட, இங்கயும் சாலுரான் இருக்கே! ஆனா வாடை இல்லே" என்று சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள். நான் என் கையை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டேன். இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இன்னும் புரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் வேடிக்கை பேசினாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமாவின் கார் மரத்தடியில் நின்றது. அத்தை இறங்கினவள் திரும்பிப் போய், சன்னல் வழியாகக் குனிந்து, "ஏங்க, மேல உள்ளதுலயா, கீழ உள்ளதுலயா?" என்று கேட்டாள். மாமா காதோடு ஏதோ சொன்னார். பத்துக்குப் பத்து வாங்கிய அத்தை தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா ஒரு மணி நேரம் நின்று போட்டுவிட்டு வந்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் மை. விரலுக்கு மை வைக்க ஆரம்பித்த முதல் தேர்தல் அது. அவள் அதைத் துடைக்காமல், எதிலும் படாமல், விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமா காரிலிருந்து இறங்கி வந்தார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது என்று நினைக்கிறேன். திரும்பும்போது காரில் ஏறிக்கொள்ளச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்குப் போட்டே?" என்றார்.

"ஏழாவது கேள்வி, அண்ணே" என்றாள் அம்மா. "பாப்பா ரைட்டு போட்டிருக்கா, வேணும்னா கேட்டுப் பாரு."

காரில் ஏறவில்லை. நடந்தே திரும்பினோம்.

யார் ஜெயித்தார்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அம்மா யாருக்குப் போட்டாள் என்று ஆராயக் கிளம்பிவிடுவீர்கள், அது உங்களுக்கு எதற்கு? ஜெயித்தவர் ஊர்க்குறை கேட்க வைத்திருந்த சேவை மையத்துக்கு அம்மா வேலை இல்லாத ஒவ்வொரு புதன்கிழமையும் போனாள். நான் உங்களுக்குப் போட்டேன்னும் சொல்லமாட்டேன், போடலைன்னும் சொல்லமாட்டேன், லோங்காங்கைப் பாருங்க என்று ஒரே பாட்டு. எட்டு மாதம் ஆனது. ஒருநாள் இயந்திரம் வந்து தோண்டியது. அன்றைக்கு மாமாவும் வந்து நின்று பார்த்தார். சேவை மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அவர் படித்த இரண்டு பத்திரிகையிலும் வந்திருக்கவில்லை போலிருக்கிறது.

இப்போதெல்லாம் தேர்தல் வந்தால் நானே ஒரு ஓட்டுச்சாவடியில் அதிகாரியாக உட்காருகிறேன், ஆசிரியர்களை அந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். சாலுரான் 1 என்ற அட்டைக்குக் கீழே, எத்தனையோ பேர் விரலில் மை வைத்திருக்கிறேன். யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கச் சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

ஆனால் இதெல்லாம் இப்போது வந்த புத்தி. அன்று வெயிலில் திரும்பி நடந்தபோது எனக்குக் கால் வலித்தது, தாகம், அம்மாவோடு பேசப் பிடிக்கவில்லை. ஒரு கடையோரம் நிழலில் நின்று அம்மா குடையை மடக்கினாள். மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓட்டுச்சீட்டில் போடுவதும் அதே பெருக்கல் குறிதான், அதற்கும் எங்கள் ஊரில் பங்கா என்றுதான் பெயர்.

"எனக்கு நீ எட்டு பங்கா போட்டே. நான் அங்க ரெண்டே ரெண்டு போட்டேன். சரியாப் போச்சு, போ."

எட்டும் இரண்டும் எப்படிச் சரியாகும்? அம்மாவுக்குக் கணக்கும் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.