அச்சான பிறகு மாறிய பட்டியல்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஷிப்டு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். என்னைவிடக் கெட்டிக்காரன் திண்டுக்கல்லில் இல்லை என்ற நினைப்பு எனக்கு.

அந்த மில்லில் ஷிப்டு மாற வேண்டுமானால், பதிலுக்கு மாற ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். இருவரும் மாறினால் மில் பஸ் பட்டியலும் மாறும்படி, தானாக ஓடும் ஒரு கட்டளை, அதாவது டிரிக்கர் வைத்தேன். முதல் பெயர் மாறியதுமே அது ஓடினால், மற்றவர் பெயர் இன்னும் அந்த பஸ்ஸிலேயே இருப்பதால், இடமில்லை என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும். அதனால் அதைத் தள்ளிப்போட்டேன். உள்ளே எத்தனை மாற்றம் நடந்தாலும் டிரிக்கர்கள் வரிசையில் காத்திருக்கும். முழு வேலையும் முடிந்து பதிவாகும்போதுதான் பஸ் பட்டியலைத் தொடும். ஆனால் பட்டியலை அச்சடிக்கும் கட்டளையை, பதிவுக்கு முன்னாலேயே வைத்துத் தொலைத்திருந்தேன்.

அதில் முதலில் மாறியவள் கன்னிவாடியைச் சேர்ந்த கைக்குழந்தைக்காரி. பிள்ளை புட்டிப்பால் குடிக்காது. மதிய ஷிப்டு முடிந்து வீடு திரும்ப இரவாகிவிடும் என்பதால் காலை ஷிப்டு கேட்டிருந்தாள்.

மாற்றிய மறுநாள் காலை டிரைவர் கையிலிருந்த தாளில் அவள் பெயர் இல்லை, ஏற்ற மறுத்துவிட்டார். மதிய பஸ்ஸில், பதிலுக்கு மாறிய பெண்ணுக்கும் அதே கதி. இருவருக்கும் ஆப்சென்ட்.

அடுத்த நாள் காலை டைம் ஆபீஸ் கிளார்க் மேல் எரிந்து விழுந்தேன். அவர் திரையையும் தாளையும் காட்டினார். திரையில் புதுப் பட்டியல், தாளில் பழையது. வெட்கமாகிவிட்டது. அச்சடிக்கும் வரியைப் பதிவுக்குப் பின்னால் நகர்த்தினேன். ஐந்து நிமிட வேலை.

அதற்குள் அந்தப் பெண் டவுன் பஸ் பிடித்து வந்து நின்றாள்.

"சார், என்னையப் பழைய ஷிப்டுக்கே மாத்தி விட்ருங்க. அந்தக்கா வரமாட்டேன்னுருச்சு. உன்னால எனக்கும் ஆப்சென்ட்டுங்குது."

"இப்ப சரி பண்ணிட்டேம்மா. நான் வேணா அவங்ககிட்ட பேசுறேன்."

"இம்புட்டு நாளாக் கெஞ்சி ஒத்துக்க வச்சேன் சார். இனி எந்த மொகத்தோட கேக்க?"

மாற்றினேன். இந்த முறை தாளில் இரண்டு பெயர்களும் பிழையில்லாமல் இடம் மாறி வந்தன. என் புரோகிராம் சரியாகச் செய்த முதல் மாற்றம் அதுதான். மதிய ஷிப்டு தொடங்கும் வரை அவள் மில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.