முதல் தட்டு

அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. சமைத்தவர் எல்லோர் முன்னாலும் முதல் தட்டைச் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் வரிசை நகரும். என்றைக்கோ முந்நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்த பிறகு வந்த ஏற்பாடு அது. கேன்டீன் அக்கா பதினோரு வருடம் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

பிறகு அப்பாவையும் அண்ணனையும் கொண்டுபோன அதே பரம்பரை நோய் அவளையும் தேடி வந்தது. பெருங்குடல் முழுக்கச் சதை முளைகள், விட்டுவைத்தால் புற்றுநோய். அந்தக் குடலில் பெரும்பகுதியை வெட்டிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் மறுபடி கரண்டியைப் பிடித்தாள். பொரித்தது, பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரை எல்லாவற்றையும் தலைமுழுகினாள். பருப்பு, கீரை, மீன் என்று தனக்கொரு தனிச் சட்டி. பொரித்தது போடும் நாள்களில் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

"சமைக்கிறவளே சாப்பிடலன்னா எப்படி?" என்று மேலாளர் ஒருநாள் முறைத்தார்.

"மிச்சத்த நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க சார். உங்க குடல் முழுசாத்தானே இருக்கு!"

அவர் தட்டைத் தாண்டிப் போய் வரிசையை நகரச் சொன்னார்.

தம்பியும் அங்கேதான் லேத் ஓட்டினான். அவனும் அவள் சட்டியிலேயே சாப்பிட ஆரம்பித்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை மருத்துவமனையிலிருந்து போன் வரும்வரைதான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அவன் மூன்று தடவை வரவில்லையாம்.

"அதான் உன் சாப்பாட்டையே சாப்பிடுறேனேக்கா. அப்புறம் குழாய் எதுக்கு?"

அவளுக்கு வயிறு பற்றியெரிந்தது. இல்லாத குடலும் சேர்ந்து எரிந்தது. சாப்பாடு உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்க உதவலாம், முளையைப் பிடுங்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மறுநாள் மதியம் அவன் தட்டை நீட்டியதும் சட்டியை மூடினாள்.

"முந்நூறு பேருக்குச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான்டா சோறு போடுறேன். உன் வயித்த மட்டும் சோதிக்காம விட்ருவேனா?"

"பயமா இருக்குக்கா. அண்ணன் உள்ள போனவன்…"

"அண்ணன் குழாய் விட்டதால சாகலடா. நாள் கடத்தினதால செத்தான்."

வரிசையே கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மிச்சமிருந்த குடலுக்காக அவளும் வருடாந்திரப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே நாளாக வாங்கினாள்.

அன்றைக்கு நர்ஸ் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"முதல்ல நான் வரேன்மா," என்று அக்கா எழுந்து உள்ளே போனாள்.

மயக்கம் தெளிந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"முதல் தட்டு நான் சாப்பிட்டாச்சு," என்றாள். "எந்திரிடா, வரிசை நகரட்டும்."

அவன் எழுந்தான்.