விட்டுப்போன சுண்டுவிரல்

ஏழு வயதில் எனக்கு அம்மா மீது பெரிய கோபம் ஒன்று இருந்தது. இடது கைச் சுண்டுவிரலுக்கு மருதாணி வைக்காமலே அவள் தூங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் பிசிறை நாள் முழுக்கப் பஞ்சால் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது பீங்கான் மாவு படிந்து புருவம்கூட வெளுத்திருக்கும். சித்தி கல்யாணத்துக்காக ஒரு சாயங்காலம் ஒன்பது விரலுக்கு மருதாணித் தொப்பி வைத்தவள், பத்தாவதைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டாள். உலுக்கினேன். "இருடி, வச்சி வுடறேன்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் ஒன்பது நகமும் செக்கச்செவேல் என்றிருந்தன, அது ஒன்று மட்டும் மொட்டையாக. கல்யாண வீட்டில் யார் கையைக் காட்டச் சொன்னாலும் அந்த விரலை மடக்கிக்கொண்டுதான் காட்டினேன். மடக்குவதே பழக்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரிலிருந்து இடது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு ஒடிந்து, கை ஒரு மாதிரி திரும்பிக்கொண்டது. அப்பா என்னைக் கட்டுக்காரரிடம் கொண்டுபோனார். அவர் முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். விரல் நுனிகளைப் பார்த்து, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். சுண்டுவிரலை அவருக்கும் நான் காட்டவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்தபோது நான் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தேன். மடங்கிக் கிடந்த விரல்களை அவள் மெல்ல நீட்டிப் பார்த்தாள். உயிர் போகிற மாதிரி அலறினேன். கை சில்லென்று இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"நகமெல்லாம் செவப்பாத்தான இருக்குது" என்றார் அப்பா. "கட்டு போட்டவரே பாத்து சொல்லிட்டாரு."

அம்மா முகம்கூடக் கழுவாமல் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, கனமாகத்தான் இருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "இது மருதாணிம்மா. இத வச்சி ரத்தம் ஓடுதா இல்லியான்னு எப்படிப் பாக்கிறது?" பிறகு சுண்டுவிரலைப் பிரித்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அழுத்தி விட்டார். நிறம் திரும்பவே இல்லை. உடனே கட்டைக் கத்தரித்தார், டாக்டரைக் கூப்பிட்டார், ஆம்புலன்ஸ் எங்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனது. ஒடிந்த எலும்பின் முனை ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருந்ததாம். போதாததற்குக் கட்டும் நெரித்திருக்கிறது. ஆபரேஷன் செய்து குழாயை விடுவித்து, எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை விளங்காமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.

கண் விழித்தபோது அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் சுண்டுவிரல் நகத்தை அழுத்துவாள், விடுவாள், குனிந்து பார்ப்பாள். வெளுத்த இடம் சிவக்கும். நம்பாமல் மறுபடி அழுத்துவாள். கம்பெனி மாவு இன்னும் முகத்தில் இருந்தது. அதன் மேல் கண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விரலை விட்டுவிட்டதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது, கோபத்தை விட்டுவிட்டேன்.

"பரவாயில்லம்மா. அடுத்த தடவ வச்சி வுடு."

சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எனக்கு மருதாணி வைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சுண்டுவிரல் வந்ததும் தூக்கம் வருகிறது என்று எழுந்துபோய்விடுவாள். வேலை அசதி என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.