இரண்டு வெயில் காட்டிய புகையிலை

என் புகையிலையைப் பாழாக்கியது என் மைத்துனன். வேறு யார் மேலும் நான் பழி போடவில்லை. உப்புக்காற்று மேலும் இல்லை, மழை மேலும் இல்லை. அந்த இரண்டையும் பதினோரு வருஷம் சமாளித்திருக்கிறேன்.

நான் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தவன். போன துறைமுகங்களில் எல்லாம் பைப் புகையிலை வாங்கினேன். இப்போது புகைப்பதில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அன்றோடு விட்டேன். ஆனால் சேர்த்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தூத்துக்குடியில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும். தகர டப்பா எத்தனை நாள் தாங்கும்? அதனால் ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றினேன். இடைவெளி இல்லாமல் அமுக்கி நிரப்பி, இறுக்கி மூடி, கடல் பக்கம் ஜன்னல் இல்லாத உள்ளறை அலமாரியில் வைத்தேன். வெயில் படக்கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, சும்மா சும்மா திறக்கக்கூடாது. அவ்வளவுதான் வேலை. பைப் புகையிலைக்கு லேசான ஈரம் வேண்டும். அந்த ஈரத்தோடு மூடிக் கிடந்தால் வருஷம் ஆக ஆக மணம் ஏறும். சில இலைகளில் வெள்ளையாகப் பொடி பூக்கும்; அது பக்குவம், கேடு இல்லை. எனக்கு அதற்கும் பூஞ்சைக்கும் வித்தியாசம் தெரியும்.

மொத்தம் பதினாலு ஜாடி. அதில் ஒரு சின்ன ஜாடி என்னுடையது இல்லை.

அது என்னோடு ஒரே கப்பலில் வேலை பார்த்த மணப்பாட்டுக்காரருடையது. அவர் நடுக்கடலில் தவறி விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. கம்பெனி அனுப்பிய பெட்டியில் சட்டைகளும் ஒரு ஜெபமாலையும் பாதி டப்பா புகையிலையும் இருந்தன. சட்டைகளை உறவுக்காரர் யாரோ துவைத்துப் போட்டுவிட்டார்கள். அவர் வாடை புகையிலையில் மட்டும்தான் மிச்சம். அவர் மனைவி அதை என்னிடம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் இருந்தால் கெட்டுப்போகும், உங்களுக்குத்தான் வைத்துக்கொள்ளத் தெரியும் என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை, சர்ச்சில் அவருக்கு நினைவுப் பூசை வைக்கும் நாளில் வருவார். ஜாடியைத் திறந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார். மூடிவிட்டு பஸ் ஏறப் போய்விடுவார். மூடியில் நான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்: திறக்காதே.

இந்த வருஷம் என் மனைவிக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தோம். வீட்டுச் சாவி அவள் தம்பியிடம் இருந்தது. அவன் திரேஸ்புரத்தில் நெத்திலி எடுத்துக் கருவாடு போடுகிறவன். அவன் கை பட்ட சரக்கு கெடாது என்று கடற்கரையில் பேர் உண்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் மொட்டைமாடி. அவனுடைய கருவாட்டு வலை விரித்துக் கிடந்தது. அதன் மேல் பதினாலு குவியல். கீழே எழுதியிருந்தான்: "அத்தான் பொகல எல்லாம் பூத்துப்போச்சு. நல்லவேள நான் பாத்தேன். ரெண்டு வெயில் காட்டுனா சரியாயிரும்."

சொந்தக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரல் காட்டினார்கள். ஒன்பது தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மீன் ஏலக் கூச்சலில் கேட்டிருக்காது. மதுரையிலும் அதே வெயில்தான் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாள் இன்னொரு போட்டோ. எல்லாம் திரும்ப ஜாடிக்குள் போயிருந்தது. ஒவ்வொன்றிலும் துணியில் கட்டிய கல்லுப்பு முடிச்சு. ஈரம் ஏறாமல் இருக்குமாம். அதற்கும் கட்டைவிரல். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அந்தச் சின்ன ஜாடியையுமா என்று கேட்டேன்.

"அதுலதான் அத்தான் ரொம்பப் பூத்திருந்துச்சு."

ஊர் திரும்பியதும் ஜாடிகளைத் திறந்தேன். தொட்டால் தூளாக உதிர்ந்தது. பதினாலிலும் நெத்திலி வாடை. மனைவியிடம் கத்தினேன். அவள் கட்டிலில் காலை நீட்டியபடி, "நல்லதுக்குத்தான செஞ்சான்? ஒம்ம பொகல பெருசா, என் தம்பி பெருசா?" என்றாள். காரிலிருந்து மாடிவரை அவளைக் கையில் தூக்கி வந்தவன் அவன். அவனை நான் எப்படி அடிப்பேன்?

போன வாரம் பூசை முடிந்து அந்த அம்மா வந்தார். முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் உப்பு முடிச்சை மட்டும் எடுத்துவிட்டு ஜாடியைக் கையில் கொடுத்தேன். மைத்துனன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவர் கண்ணை மூடி மூச்சு இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். அப்படி அவர் செய்ததே இல்லை.

"அண்ணாச்சி, இதுல நெத்திலி வாடைல்லா அடிக்கு."

நான் மைத்துனனைப் பார்த்தேன். வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான். டீ பாதி மிச்சம். மழைத்தண்ணீர் பட்டுவிட்டதா என்று அவர் கேட்டார். நான் மிச்ச டீயை எடுத்துப்போய் வாசலில் ஊற்றினேன். ஜாடியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் வருகிறேன் என்று வழக்கமாகச் சொல்வார். இந்தத் தடவை சொல்லவில்லை.

மாப்பிள்ளை, இனி உன்னிடமே கேட்கிறேன். அந்தச் சின்ன ஜாடி யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்தப் பூசைக்கு நீயும் வந்திருக்கிறாய். மூடியில் எழுதியிருந்ததை வாசித்தாயா, இல்லையா? எனக்குத் தனியாகப் போன் பண்ணாதே. உன் அக்காவிடம் சொல்லி அனுப்பாதே. போட்டோ போட்ட அதே குரூப்பில் பதில் போடு. கட்டைவிரல் காட்டிய அத்தனை பேரும் படிக்கட்டும்.