வூ இல்லாத பெட்டி

மாணிக்கம் சார் போயிட்டார்னு அரியலூர் பஸ் கண்டக்டர்தான் கடை வாசலில் இறங்கிச் சொன்னார். கையில் இருந்த ட்யூபைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன். போன காத்தைத் திரும்ப அடைக்கிற தொழில் என்னுடையது. அன்றைக்கு அது உதவவில்லை.

அவரிடம் டைப் படித்த உங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். மாடியில் இன்ஸ்டிட்யூட், கீழே என் சைக்கிள் கடை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இத்தனை பேர் தட்டியும் மாடி இடியலையே சார் என்று சீண்டுவேன். "இடிஞ்சா உங்க தலையிலதான் நடேசன், கவலைப்படாதீங்க" என்பார்.

பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, தமிழில் அடித்தால் தமிழிலேயே அச்சாகிற புரோகிராம் ஒன்றை எழுதினார். எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவரே வரைந்தார். திருச்சிக் கல்லூரி ஒன்றில் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி என்றால், அவர்களே எல்லா ஊருக்கும் அனுப்புவதாகப் பேச்சு. புறப்படுகிற அன்று மத்தியானம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். விளக்கத்தாளை மட்டும் பார்த்து, ஒண்ணும் தெரியாதவர் ஒருத்தர் ஓட்டிப் பார்க்கணுமாம்.

"பெரம்பலூர் முழுக்கத் தேடிட்டேன். உங்களை விட்டா ஆள் இல்லை" என்றார்.

தடவித் தடவி 'எங்க வூடு வாலிகண்டபுரம்' என்று அடித்தேன். அச்சில் 'எங்க' வந்தது, 'டு' வந்தது, நடுவில் வெறும் இடம். வூட்டையே திருடிட்டாங்களே சார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் புரட்டிப் பார்த்த புத்தகங்களில் 'வூ' தட்டுப்படவே இல்லை என்பதால், அந்த எழுத்தை வரையாமலே விட்டிருந்தார்.

எனக்குப் பதறியது. 'வீடு'ன்னு மாத்தி அடிச்சுடறேன், நீங்க பஸ்ஸைப் பிடிங்க, இன்னைக்கு விட்டா அவங்க பார்க்க மாட்டாங்க என்றேன்.

"நீங்க தப்பா அடிக்கலை, நடேசன். உங்க பேச்சு இதுக்குத் தெரியலை."

பஸ் போய்விட்டது. அவர் உட்கார்ந்து வரைந்தார். 'வூ'வின் வால் பக்கத்து எழுத்தை இடித்தது. ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பின சைக்கிள் மாதிரி இருக்கு என்றேன். அதையும் கேட்டுக்கொண்டு வாலை மடக்கினார்.

மறுநாள் திருச்சிக்குப் போனால், அவர்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டு விட்டார்களாம். இத்தனை உழைப்பும் போச்சே என்று எனக்குத்தான் ஆறவில்லை. அவர் ஃப்ளாப்பிகளை வரிசையாக வைத்துப் பதிவெடுக்க ஆரம்பித்தார். கூடவே புரோகிராமின் வரிகள் அத்தனையையும் அச்சடித்து, 'தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்' என்று எழுதி, கேட்ட இன்ஸ்டிட்யூட்டுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்.

பூட்டு விக்கிறவன் சாவி செய்யவும் சொல்லிக் கொடுப்பானா சார் என்று கேட்டேன்.

"நான் இல்லாத அன்னைக்குப் பூட்டு மக்கர் பண்ணினா?"

கொஞ்ச நாளில் அரியலூர்க்காரர் ஒருவர், கமா போட்டால் பெட்டி நின்றுவிடுவதைக் கண்டுபிடித்து, சரிசெய்தும் அனுப்பினார். அன்றைக்கு சார் கீழே இறங்கிவந்து எங்கள் வரிசைக் கடைக்காரர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். வூட்டுல கல்யாணமா என்றேன்.

"ஒரு மனுஷன் உள்ளே வரைக்கும் வந்து பார்த்திருக்காரு நடேசன். வேற என்ன வேணும்?"

தன் தப்பைப் பிடித்தவனுக்காக லட்டு வாங்கின ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரிப்பேர் பார்த்த சைக்கிளை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் முன்னெல்லாம் குன்னம் ரோட்டைத்தான் திட்டுவேன். இப்போது முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, எங்கே இடிக்குதுன்னு சொல்லுங்க" என்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். லட்டு மட்டும் இன்னும் வாங்கிக் கொடுத்ததில்லை.