சிவப்பு ஜமுக்காளம்

அன்றைக்கு அந்தச் சின்ன மண்டபத்தில் இருந்தவர்கள் டயர் கடை முதலாளி, அவர் மனைவி, மைக்செட்காரர், நான். வராதவர்கள் தேங்காய்த்திட்டில் எங்கள் தெரு முழுக்க, என் அம்மா உட்பட. நீளமாக விரித்திருந்த சிவப்பு ஜமுக்காளம் கசங்கக்கூட இல்லை. ரொட்டியும் பருப்பும் ஆறிக்கொண்டிருந்தன.

முதலாளி சீக்கியர். புதுச்சேரியில் இருபது வருஷமாகக் கடை. தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரி முடித்து அவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். "சேட்டுன்னு கூப்பிடறாங்க, பன்னெண்டு மணியானா சர்தாருக்குப் புத்தி மாறிடும்னு ஜோக்கு சொல்றாங்க. இந்தத் தலைப்பா எதுக்குன்னு ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி" என்பார். அதைச் சொல்லத்தான் அந்தக் கூட்டம். தன் மதத்தைப் பற்றி அவர் பேச வேண்டும், பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். லங்கர் என்கிற அந்தச் சாப்பாட்டுக்கு மரியாதையான தமிழ்ச் சொல்லாக அவரே தேடிப்பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்ல வைத்திருந்தார்: அன்னதானம்.

வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சுனாமியப்ப தட்டேந்தி நின்னது போதும்டா. இப்ப ஒழைச்சி சாப்புடறோம். தானம் வாங்க எவ வருவா?"

முதலாளியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். எங்கள் லங்கரில் கொடுப்பவன் என்று தனியாக ஒருவன் கிடையாது, மாவு பிசைகிறவனும் அதே வரிசையில்தான் உட்காருவான், அதைச் சொல்ல வந்த நானே தானம் என்று சொல்லிவிட்டேனே என்றார். மறுநாள் மீன் ஏலம் முடிகிற நேரத்துக்குத் துறைமுகம் வந்து அம்மாவிடம் கேட்டார்: "அக்கா, வர ஞாயித்துக்கெழம ரொட்டி போட ஆளில்ல. வந்து கை குடுப்பீங்களா?"

மீன் இல்லாமல் என்ன விருந்து என்று முனகிவிட்டு, அம்மா தெருப்பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். தலையை மூட வேண்டும் என்றதும் பக்கத்து வீட்டு அத்தை, "கூடை சொமக்கிற தலை. சும்மாடு இல்லாத நாளு ஏது?" என்று முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர்கள் தேய்த்த ரொட்டி ஒவ்வொன்றும் ஒரு தேசத்தின் வரைபடம்போல வந்தது. முதலாளியின் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே ஜமுக்காளத்தில் நடந்த பந்தியில் முதலாளி என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் அம்மாதான் கேட்டாள்: "ஏண்ணே, இந்தத் தலைப்பா எதுக்கு?"

அவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டும் கட்டியதை எல்லோரும் கட்டுங்கள் என்று எங்கள் குரு சொன்னார் என்று ஆரம்பித்தார். மைக் இல்லை. தெருவே சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டது.

இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மேசை நாற்காலிதான். எங்காவது சிவப்பு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்திருந்தால் என் கால் நின்றுவிடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முதலாளி போட்டது என்று சொன்னால் அம்மா இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நாங்க போட்டது என்பாள். அன்று வெங்காயம் வாங்கப் பெண்கள் சுருக்குப்பையை அவிழ்த்துச் சேர்த்தது எழுபத்திரண்டு ரூபாய்.